கேரவனில் ஊட்டி: போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

பெங்களூருத் தமிழ் உறவுகளுக்கு வணக்கம். ஜெர்மனியிலிருந்து அக்காவும் மாமாவும் வருகிறார்கள். வாடகைக் கேரவனில் (உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டி) அம்மாவையும் அழைத்துக்கொண்டு மைசூரு, பந்திப்பூர் வழியாக ஊட்டி போகத் திட்டம். ஜெர்மனியில் 3.5 டன் வரையுள்ள கேரவனைக் கார் உரிமத்திலேயே ஓட்டலாம். கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யும் வசதியோடு பல ஊர்களில் நிறுத்துமிடமும் உண்டு. ஆனால் சாலையின் வலப்பக்கம் ஓட்டிப் பழகிய மாமா நம் மலைப்பாதையில் ஏற வேண்டாம், ஓட்டுநரோடுதான் எடுக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். அதனால் குண்டலுப்பேட்டைக்கு முன்பே இரவு தங்க வேண்டும். பாதுகாப்பாக எங்கே நிறுத்தலாம்? கழிவுநீரை எங்கே காலி செய்வது? அம்மாவுக்கு மூட்டுவலி, வண்டிக்குள் கழிப்பறை கட்டாயம் வேண்டும். அப்படிப்பட்ட வண்டி எங்கே கிடைக்கும்?