கிணற்றுக் கப்பி: கணக்குப்படி 0.78 விநாடி, வீடியோவில் 1.1. எங்கே தப்பு?

கொழிஞ்சாம்பாறை மாணவி:
பிளஸ் ஒன் படிக்கிறேன். பத்து வரை தமிழ் மீடியம், இப்போது எல்லாம் இங்கிலீஷ். வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தில் சப்மெர்சிபிள் மோட்டார் போட்ட பிறகு கிணற்றுக் கப்பி சும்மா கிடந்தது. ஆரக்கால் இல்லாத வார்ப்பிரும்புத் தட்டு. எடை 4 கிலோ, விட்டம் 20 செ.மீ. அதை மோட்டார் ரூம் உத்தரத்தில் மாட்டி, மெல்லிய நைலான் நூலை நாலைந்து சுற்று சுற்றி, நுனியில் 1 கிலோ உப்புப் பாக்கெட்டைத் தொங்கவிட்டேன். 1.5 மீட்டர் இறங்க எவ்வளவு நேரம் என்று போனில் வீடியோ எடுத்தேன்.

என் கணக்கு: திருப்பு விசை (கப்பியைச் சுற்றவைக்கும் முறுக்கு) 9.8 × 0.1 = 0.98 நியூட்டன் மீட்டர். நிலைமத் திருப்புத்திறன் (சுற்று வேகம் மாறுவதற்குக் கப்பி காட்டும் எதிர்ப்பு), நிறையில் பாதியை ஆரத்தின் வர்க்கத்தால் பெருக்க, 0.02. வகுத்தால் கோண முடுக்கம் 49, பாக்கெட்டின் முடுக்கம் 4.9. 0.78 விநாடியில் தரையைத் தொட வேண்டும். மூன்று தடவையும் 1.1 வந்தது. "கப்பி துருப்பிடித்துப் போச்சு, அவ்வளவுதான்" என்கிறான் எங்கள் அண்ணன்.

வேலந்தாவளம் லேத்துக்காரன்:
துருவின் மேல் பழியைப் போடாதே தங்கச்சி. நூலின் இழுவிசை 9.8 என்று எப்படி எடுத்தாய்? பாக்கெட்டைப் பூமி கீழே இழுப்பது 9.8 நியூட்டன். நூலும் மேலே 9.8 இழுத்தால் சரிக்குச் சரி, பாக்கெட்டின் வேகம் கூடவே கூடாது. உன் பாக்கெட்டோ வேகமெடுத்து இறங்குகிறது. அப்படியானால் நூல் குறைவாகத்தான் இழுக்கிறது.

பாக்கெட்டுக்கு ஒரு சமன்பாடு, கப்பிக்கு ஒரு சமன்பாடு என்று தனித்தனியாக எழுதி, இழுவிசையை நீக்கு. முடுக்கம் = 9.8 ÷ (1 + 2) = 3.27. அந்த 2, கப்பியின் நிறையில் பாதி. இழுவிசை 6.5 நியூட்டன்தான் வரும். பாக்கெட் இல்லாமல் நீயே கையால் 9.8 நியூட்டன் விடாமல் இழுத்திருந்தால் உன் முதல் கணக்கு சரி.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
புரிந்தது அண்ணா! ஆனால் இப்போதும் 0.96தான் வருகிறது. மிச்சம் துருவா?

மீனாட்சிபுரம் மாஷ் (ஓய்வு பெற்ற ஆசிரியர்):
அம்மணி, விட்டம் 20 என்பது விளிம்புக்கு விளிம்பு அளந்ததுதானே? நூல் கிடப்பது பள்ளத்தின் அடியில். திருப்பு விசைக்கு அச்சிலிருந்து நூல் வரை உள்ள தூரம்தான் கணக்கு. இறுகின நட்டைக் கழற்ற ஸ்பானரில் பைப் செருகுவது எதற்கு? இங்கே நீ பைப்பை வெட்டிவிட்டாய்! அது மட்டுமில்லை, ஆரம் சின்னதானால் நூல் அதே தூரம் இறங்கக் கப்பி கூடுதலாகவும் சுற்ற வேண்டும். குறை இரண்டு தடவை வருவதால் ஆரங்களின் விகிதத்தை வர்க்கப்படுத்த வேண்டும்.

துருவை ஊகிக்காதே, அளந்துவிடு. உப்பை அவிழ்த்துவிட்டுச் சின்னச் சின்ன எடையாகக் கட்டி மெல்லத் தட்டிவிடு. எந்த எடை வேகம் கூடாமல், குறையாமல் இறங்குகிறதோ அதுதான் உராய்வு தின்னும் எடை. பாரம் ஏறினால் அச்சில் உராய்வும் கொஞ்சம் ஏறும். இப்போதைக்கு அதை விடு.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
மாஷே, பள்ளத்தின் ஆரம் 8.5 செ.மீ. தான்! 50 கிராம் மஞ்சள்தூள் பாக்கெட் சீராக இறங்கியது.
10 ÷ 8.5 இன் வர்க்கம் × 2 = 2.77. முடுக்கம் = (0.95 × 9.8) ÷ (1 + 2.77) = 2.47. நேரம் 1.10 விநாடி!!

வேலந்தாவளம் லேத்துக்காரன்:
ரொம்பத் துள்ளாதே. பள்ளம் இருக்கும் இடத்தில் இரும்பு இல்லை, அதனால் நிலைமத் திருப்புத்திறன் 0.02ஐவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். போன் வீடியோவில் விநாடிக்கு 30 படம் என்றால், ஒரு படம் தள்ளிப் பார்த்தாலே நேரத்தில் 3 சதவீதம், முடுக்கத்தில் 6 சதவீதம் போய்விடும். இரண்டு தசமம் வரை பொருந்தியதில் பாதி அதிர்ஷ்டம்.

கொழிஞ்சாம்பாறை மாணவி:
சரி அண்ணா, ஸ்லோ மோஷனில் எடுத்துப் பார்க்கிறேன். உராய்வு இல்லையென்றால் முடுக்கம் 2.6, இருப்பதால் 2.47. துருவின் பங்கு 5 சதவீதம்தான் என்று எங்கள் அண்ணனிடம் சொன்னேன். அதையும் எடுத்துவிடுகிறேன் என்று கிரீஸ் டப்பாவோடு வந்து நிற்கிறான்.