கிளை தவறினால் கடலுக்கு அந்தப் பக்கம்: ஹாங்காங் சாலை அனுபவங்கள்

ஹாங்காங் வந்து நான்காவது மாதம், 2014. அலுவலக வண்டியை முதன்முதலாக என் கையில் கொடுத்தார்கள். நம் ஊர் மாதிரியே இடப்பக்கம்தான் ஓட்டவேண்டும், ஸ்டியரிங்கும் வலப்பக்கம், அப்புறம் என்ன பயம் என்று கிளம்பிவிட்டேன். ஹாங்காங் தீவின் தென்பக்கம் அபர்தீனில் வேலை முடிந்தது. வடபக்கம் காஸ்வே பேயில் டிராம் நிறுத்தத்தில் மனைவி நிற்கிறாள். நடுவில் மலை. மலையைக் குடைந்து 1982இல் திறந்த அபர்தீன் சுரங்கப்பாதை வழியே வந்தால் எட்டிவிடும் தூரம்தான்.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் ஹேப்பி வேலி குதிரைப் பந்தய மைதானம். புதன்கிழமை, பந்தய நாள், விளக்கெல்லாம் எரிந்துகொண்டிருந்தது. ஒரு கண்ணை அங்கே விட்டபடி கனால் சாலை மேம்பாலத்தில் ஏறிவிட்டேன். இறங்கும் கிளை எப்போது வந்தது, எப்போது போனது, தெரியாது. பக்கத்தில் யார் வீட்டு ஜன்னலோ, யார் காயப்போட்ட சட்டையோ என் கண்மட்டத்தில் போகிறது. சட்டையைப் பார்த்து முடிப்பதற்குள் முன்னால் கடலடிச் சுரங்கத்தின் வாய். நிறுத்த இடமில்லை, திரும்ப வழியில்லை, பின்னால் இரட்டைமாடிப் பேருந்து. போனேன். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் கடலுக்கடியில் போய், எதிர்க்கரை கவுலூனில் ஹங் ஹாம் என்ற இடத்தில் மேலே வந்தேன்.

அப்போது கையில் காசு வாங்கும் சாவடி. 20 டாலர். திரும்பி வர இன்னொரு 20. அந்த இரண்டாவது இருபதைக் கொடுப்பதற்கு நாற்பது நிமிடம் வரிசையில் ஊர்ந்தேன். போன் வந்தது.

"எங்க இருக்கீங்க?"

"கவுலூன்ல."

"அங்க எதுக்குப் போனீங்க?"

இன்றுவரை பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வரிசை ஏன் அவ்வளவு நீளம் என்பது பிற்பாடுதான் புரிந்தது. துறைமுகத்தின் அடியில் மூன்று சாலைச் சுரங்கங்கள். நான் மாட்டிக்கொண்ட நடுச் சுரங்கம் திறந்தது 1972, கிழக்கு 1989, மேற்கு 1997. மூன்றையும் தனியார் கட்டி, ஆண்டுக்கணக்கில் கட்டணம் வசூலித்து, ஒவ்வொன்றாக அரசிடம் ஒப்படைத்தார்கள். நடுவில் உள்ளது 1999இலேயே அரசு கைக்கு வந்துவிட்டதால் அங்கே மலிவு. மேற்கில் பிற்காலத்தில் காருக்கு 75 டாலர் வரை போனது. மேற்குச் சுரங்கம் காற்றாட, எல்லோரும் நடுச் சுரங்கத்திலேயே முட்டிக்கொண்டார்கள். 2023 ஆகஸ்டில் மேற்கும் அரசிடம் வந்தது. அந்த டிசம்பரிலிருந்து நேரத்துக்கு ஏற்ற கட்டணம்: வாரநாள் காலை, மாலை நெரிசலில் மேற்கில் 60, மற்ற இரண்டிலும் 40, இரவில் எங்கே போனாலும் 20. இப்போது சாவடியும் இல்லை. கண்ணாடியில் ஒட்டிய வில்லையிலிருந்து காசு தானாகக் கழிந்துவிடும். வழி தவறுவது சுலபமாகிவிட்டது, அவ்வளவுதான்.

உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள். எனக்கு மட்டும்தான் இப்படி என்று வீட்டில் நினைக்கிறார்கள்.

*

அண்ணா, நீங்கள் கடலுக்கு அந்தப் பக்கம் போனீர்கள். நான் வீட்டு வாசலுக்குப் போகவே பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

தீவின் மலைச்சரிவில் இருக்கும் மிட்லெவல்ஸில், ராபின்சன் சாலைக்கு மேலே வீடு எடுத்தோம். கைபேசி வரைபடத்தில் பார்த்தால் என் ஆபீசும் வீடும் அடுத்தடுத்த தெரு. மலையில் அலமாரித் தட்டுகள் போலச் சாலைகள் இருப்பது அந்தப் படத்தில் தெரியாது. கீழே குயின்ஸ் சாலை, அதற்கு மேல் ஹாலிவுட் சாலை, அதற்கு மேல் கெய்ன் சாலை, ராபின்சன், கான்டூயிட். ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு வண்டி போகவேண்டுமானால் சுற்றிச் சுற்றித்தான் ஏறும். ஆள் போகலாம், படி ஏறி. லேடர் தெரு என்று பலகை வைத்திருக்கிறார்கள், பெயருக்கேற்ப முழுக்கக் கல்படிகள்தான். தெரு என்றால் வண்டி போகும் என்று யார் சொன்னது?

இதற்காகத்தான் 1993இல் நகரும் படிக்கட்டு வரிசையைத் திறந்தார்கள். 800 மீட்டருக்கு மேல் நீளம், 135 மீட்டர் ஏற்றம், கூரையும் உண்டு. நான் மகிழ்ந்துபோனேன். ஊரிலிருந்து இரவு விமானத்தில் திரும்பிய நாள் அது. காலை ஏழரை மணி, 23 கிலோ பெட்டி, தோளில் அம்மா கொடுத்த ஊறுகாய். படிக்கட்டுக்கு அடியில் வந்து நின்றால், அத்தனை படியும் கீழ்நோக்கி வருகிறது! வேலைக்குப் போகிறவர்களுக்காகக் காலை ஆறிலிருந்து பத்து வரை அது இறங்க மட்டும்தான். பத்துக்கு மேல்தான் ஏறும். கோட்டு சூட்டில் நூறு பேர் என்னைக் கடந்து வழுக்கிக்கொண்டு இறங்க, நான் பக்கத்துப் படியில் பெட்டியை ஒவ்வொரு படியாகத் தூக்கி வைத்தேன். கெய்ன் சாலை வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பாட்டி, கையில் கீரைக் கட்டோடு, என்னைத் தாண்டி நின்று, சிரித்து, மேலே போனார். எழுபதுக்குக் குறையாது வயது. மூச்சுகூட வாங்கவில்லை.

இன்னொன்று. அந்தக் குயின்ஸ் சாலை 1840களில் போட்டபோது கிட்டத்தட்ட கடலோரமாம். இப்போது அங்கிருந்து கடலைப் பார்க்கவே முடியாது. கடலைத் தூர்க்கத் தூர்க்கப் புதுக் கரையில் புதுச் சாலை. டிராம் ஓடும் டெ வூ சாலை, அதைத் தாண்டி கொனாட் சாலை. சமதரையாக நடக்கக் கிடைப்பதெல்லாம் பழைய கடல்தான்.

*

நான் சுருக்கமாக. சிவப்பு மினிபஸ். பொத்தான் கிடையாது, குறிப்பிட்ட நிறுத்தமும் கிடையாது, கத்தினால்தான் இறங்கலாம். "யாவ் லோக்" என்று சொல்லவேண்டும், இறங்க ஆள் இருக்கு என்று அர்த்தம். வீட்டில் கண்ணாடி முன்னால் பழகினேன். வண்டியில் உட்கார்ந்ததும் குரல் தொண்டையோடு நின்றுவிட்டது. மெல்லச் சொன்னேன், கேட்கவில்லை. இரண்டாம் முறையும் இல்லை. முன்னால் இருந்த வேகம் காட்டும் பெட்டி 78 என்கிறது. மூன்றாவது முறை, பயத்தில், "அண்ணே நிறுத்துங்க!" என்று தமிழில் வந்துவிட்டது. ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமல் ஒரு கையை மட்டும் தூக்கினார். கேட்டுவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். மூலை திரும்பி நிறுத்தினார். அதற்குப் பிறகு சத்தம் போட்டால் போதும் என்று தெரிந்துகொண்டேன், மொழி இரண்டாம் பட்சம்.

*

சிரிக்கும் பேச்சுக்கு நடுவில் இதைச் சொல்வது சரியா தெரியவில்லை. 2023 செப்டம்பர் 7 இரவு. ஷெக் ஓவில் இருக்கும் நண்பர் வீட்டுக்கு மறுநாள் போவதாக ஏற்பாடு. இரவு 11 மணிக்கும் 12 மணிக்கும் இடையில் மட்டும் 158.1 மில்லிமீட்டர் மழை. 1884இல் கணக்கு வைக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு மணி நேரத்தில் அவ்வளவு பெய்ததில்லை. ஷெக் ஓ சாலையில் மண் சரிந்து வழி அடைபட்டது. அந்த ஊருக்கு வண்டி போக அந்த ஒரே சாலைதான். நண்பர் போனில், "அரிசி இருக்கு, கவலைப்படாதே" என்றார்.

அதன் பிறகுதான் சாலையோரச் சரிவுகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். சிமென்ட் பூசிய மலைச்சரிவு, நடுநடுவே தண்ணீர் வடியக் குழாய், ஓரத்தில் எண் பொறித்த சிறிய தகடு. சுமார் 60,000 சரிவுகளுக்கு இப்படி எண் போட்டுப் பதிவு வைத்திருக்கிறார்கள். 1972 ஜூனில் மிட்லெவல்ஸின் போ ஷான் சாலை மண்சரிவில் 67 பேர் இறந்தார்கள். அடுத்தடுத்து நடந்த மண்சரிவுகளுக்குப் பிறகு 1977இல் இதற்கென்றே தனி அலுவலகம் அமைத்தார்கள். பேருந்தில் போகும்போது அந்தத் தகடுகளைப் படிப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

*

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி, அந்தக் கீரைப் பாட்டியை நானும் பார்த்திருக்கிறேன் என்றே தோன்றுகிறது. புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று: பேருந்து எண் மூன்று இலக்கமாக இருந்து 1இல் தொடங்கினால் பெரும்பாலும் நடுச் சுரங்கம், 6 என்றால் கிழக்கு, 9 என்றால் மேற்கு. ஏறுவதற்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மனைவியோடு அதே கனால் சாலை மேம்பாலத்துக்கு அடியில் நடந்துபோனேன். அங்கே சிறிய முக்காலியில் பாட்டிகள் உட்கார்ந்திருப்பார்கள். நமக்கு ஆகாதவன் பெயரில் காகித பொம்மை வைத்து, ஏதோ பாடிக்கொண்டே பழைய செருப்பால் பட் பட் என்று அடிப்பார்கள். காசு கொடுத்தால் போதும். தலைக்கு மேலே லாரிகள் சுரங்கத்துக்குப் போகிற சத்தம், கீழே செருப்புச் சத்தம். அன்றைக்கு எனக்கு இறங்கும் கிளையைக் காட்டாமல் விட்டவன் பெயர் தெரிந்தால் ஒரு பொம்மை அடிக்கச் சொல்லலாம் என்றேன்.

"உங்க பேரையே எழுதிக் குடுங்க," என்றாள்.