இரண்டாம் கட்டுக்கு இழுத்த கேபிளில் நெட் வேகம் 94 எம்பிபிஎஸ்-க்கு மேல் ஏறவில்லை

கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீடு. முகப்பில் ஃபைபர் மோடம், 300 எம்பிபிஎஸ். மூன்று பெட்டி மெஷ் வைஃபை (வைஃபை 6, ஏஎக்ஸ்1800, கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் போர்ட்). சுவர் தடிமனுக்கு வளவை (நடு முற்றத்தை) தாண்டினாலே சிக்னல் செத்துவிடும். அதனால் போன மாதம் வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டில் வைத்த மெஷ் பெட்டிக்கு கேட்6 கேபிள் இழுத்தோம், சுமார் 45 மீட்டர். ஆத்தங்குடிக் கல்லில் கை வைக்க அப்பத்தா விடவில்லை. உத்தரத்தை ஒட்டியே கொண்டுபோனோம்.

மெஷ் ஆப்பில் வயர்டு (கேபிள் இணைப்பு) என்றுதான் காட்டுகிறது. ஆனால் முதல் நாளிலிருந்தே இரண்டாம் கட்டில் வேகம் 94-லேயே நிற்கிறது.

இரண்டு முனையிலும் ஆர்ஜே45 மாற்றி அடித்தாச்சு. போர்ட்டும் மாற்றினேன். அதே பெட்டியை முகப்புக்குத் தூக்கி வந்து ஒரு மீட்டர் கேபிளில் போட்டால் 290 வருகிறது, ஆக பெட்டி நல்லாத்தான் இருக்கு. கேபிளின் எட்டுக் கம்பிகளையும் சோதிக்கும் டெஸ்டரில் 7-வது விளக்கு எரியவே இல்லை, 8 மினுங்குகிறது. அப்புறம்தான் பார்த்தேன்: கேபிள் நீளம் போதாமல் வளவுத் தூண் பக்கம் எலக்ட்ரீஷியன் கம்பிகளை முறுக்கி, டேப் சுற்றி ஒட்டுப் போட்டிருக்கிறார்!

அந்த ஒட்டை வெட்டிவிட்டு கேட்6 ஜாயின்ட் பாக்ஸ் வைத்தால் கிகாபிட் வருமா, இல்லை 45 மீட்டரையும் ஒரே கேபிளாகப் புதிதாக இழுக்கத்தான் வேண்டுமா?