பாரம் கீழே இறங்கச் சொல்லும், தண்ணீர் மேலே ஏறச் சொல்லும்

கொழும்பில் ஸ்ட்ரக்சரல் எஞ்சினியராக இருக்கிறேன். வீடு, அப்பார்ட்மென்ட், பாடசாலைக் கட்டடம் என்று பழகியிருந்த எனக்கு 2021இல்தான் முதல் டேட்டா சென்டர் வேலை, அதாவது சேர்வர் கணினிகளை வைத்து ஓட்டும் இடத்தின் வேலை, வந்தது. கொலன்னாவைப் பக்கம் ஒரு பழைய அலுவலகக் கட்டடம், அதில் இரண்டு மாடிகளை மாற்றித் தரவேண்டும்.

அலுவலகத் தளம் என்றால் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் (ஏறக்குறைய 250 கிலோ பாரம்) என்று போட்டுப் பழகிய கை. டேட்டா சென்டர்களுக்கான டிஐஏ 942 தரநிலையைத் திறந்தால் குறைந்தது 7.2, முடிந்தால் 12 என்று இருக்கிறது. சேர்வர்களை அடுக்கும் அலமாரியான ரேக் ஒன்று நிரம்பினால் 1,000 கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும், நிற்பதோ ஒரு சதுர மீட்டர்கூட இல்லாத இடத்தில். மின்சாரம் போனதும் உடனே கைகொடுக்கும் யுபிஎஸ் பட்டரி அதைவிட மோசம்: 12 வோல்ட் 100 ஆம்பியர் மணி ஈய அமில பட்டரி ஒன்று 30 கிலோ அளவு வரும், 40 பட்டரியை ஒரு வரிசையாகக் கோர்த்தால் 1.2 தொன், அப்படி ஆறு வரிசை கேட்டார்கள்.

பட்டரி எல்லாவற்றையும் தரைத்தளத்தில் வையுங்கள், பாரம் நேரே மண்ணுக்குப் போய்விடும் என்றேன். அங்கே பல வருடமாக இருக்கும் காவலாளி எங்களைச் சுவர்ப் பக்கம் கூட்டிப்போய், 2016 மே வெள்ளத்தில் தண்ணீர் நின்ற உயரத்தைக் கை வைத்துக் காட்டினார். அவருடைய நெஞ்சளவு. களனி ஆறு பெருகினால் அந்தப் பக்கம் எப்படி ஆகும் என்று கொழும்பில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அதோடு தரைத்தளப் பேச்சு முடிந்தது.

சரி, முதலாம் மாடி. தளத்துக்குக் கீழே நடுவில் புதிதாக ஒரு இரும்பு பீம் கொடுத்தால் போதுமே என்று ஒருவர் சொன்னார், கேட்கச் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் பழைய தளத்துக்குக் கம்பி அடிப்பக்கம்தான் இருக்கிறது. புதிய தாங்கல் வந்தால் அதன் மேலே தளம் மறுபக்கமாக வளையப் பார்க்கும், அங்கே இழுவையைத் தாங்க மேல்பக்கம் கம்பி இல்லை, வெடிக்கும். அதனால் தளத்தையே தொடாமல், தூண்களின் தலைக்கு நேரே குட்டைக் கால்கள் வைத்து, அவற்றின் மேல் இரும்பு பீம்களைப் பின்னல்போலப் போட்டு, பட்டரிகளை அதில் ஏற்றினோம். பீமுக்கும் தளத்துக்கும் இடையே 50 மில்லிமீட்டர் இடைவெளி, பீம் தொய்ந்தாலும் தளத்தில் உட்காரக்கூடாது. தூண்களையும் அத்திவாரத்தையும் புதிய பாரத்துக்குத் திரும்பவும் சரிபார்த்தோம்.

அப்புறம் ரேக் ஏற்றும் நாள் வந்தது. பாரம் தூக்கும் கூட்டத்தின் மேஸ்திரி ஹட்டன் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும். வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சேர், பெட்டி நிக்கிற எடத்துக்குக் கணக்குப் போட்டிருக்கீங்க. அது வர்ற வழிக்கு?"

நான் போட்டிருக்கவில்லை. லிஃப்ட் வாசலிலிருந்து ரேக் நிற்கும் ஹால்வரை பழைய நடைபாதை, அதே 2.5 தளம், அதன்மேல் ஒரு தொன்னுக்கு மேற்பட்ட பாரம் நாலு சின்னச் சக்கரத்தில் உருளப்போகிறது. முந்தைய நாள்தான் பாரம் தள்ளும் பேலட் டிரக்கின் சக்கரம் ஏறி, அடியில் கேபிள் ஓட உயர்த்திய தளத்தின் பலகை ஒன்று நொறுங்கியிருந்தது, அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. வேலையை மூன்று நாள் நிறுத்தினேன். கீழ் மாடியில் வரிசையாக முட்டுக் கொடுத்து, பாதை முழுக்க இரும்புத் தகடு விரித்து, ஒரு நேரத்தில் ஒரு ரேக் மட்டும். பட்டரிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் இடத்தில் வைத்தே கோர்த்தார்கள். வாடிக்கையாளர் தரப்பு தாமதத்துக்குக் கோபப்பட்டது. அந்த மேஸ்திரிக்கு நான் பட்ட கடன் பெரியது, இப்போதும் அவரோடு கதைப்பேன்.

2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணி நேரம்வரை போனது நினைவிருக்கும். உடனே ஜெனரேட்டருக்கான டீசல் தாங்கியை 10,000 லீற்றரிலிருந்து 20,000 ஆக்கச் சொன்னார்கள். தாங்கி வெளியே தரையில், நிறைந்தால் டீசல் மட்டும் 17 தொன் அளவு. எல்லோரும் அந்தப் பாரத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்குப் பயம் காலித் தாங்கியில்தான். நாட்டில் டீசலே இல்லாத மாதங்கள் அவை, தாங்கி பாதிகூட நிறையாமல் கிடக்கலாம், அந்த நேரம் வெள்ளம் வந்து முழுதாக மூழ்கினால் 20 தொன் மேல்நோக்கித் தள்ளும், தாங்கி படகுபோல மிதந்து குழாயைப் பிய்த்துக்கொண்டு போய்விடும். கீழே தடித்த கொங்கிரீட் போட்டாலும் தண்ணீருக்குள் அதன் எடை கனமீட்டருக்கு 2.4 தொன்னிலிருந்து 1.4 ஆகிவிடும், அதையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இவ்வளவு கொங்கிரீட் எதற்கு என்று செலவுக் கணக்குப் பார்ப்பவர்கள் இரண்டு கூட்டங்களில் வாதாடினார்கள். நான் விடவில்லை. நிரப்பும் வாயும் காற்றுக் குழாயும் காவலாளி காட்டிய உயரத்துக்கு மேலே போயின, தாங்கியை இரும்புப் பட்டிகளால் இறுக்கிக் கட்டினோம். கடைசி நாள் ஒவ்வொரு நட்டையும் நானே ஸ்பானர் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வெள்ளவத்தைக்கு பஸ் ஏறினேன்.