ரேடிகல் ரெட்: எக்ஸ்பி ஏற மாட்டேங்குது, சேவ் ஆக மாட்டேங்குது. இதுல எது பக், எது மாட்?

ஓரமா_நிக்கிறவன்

வணக்கம் மக்களே. ஸ்கூல் படிக்கும்போது ஃபயர்ரெட் முடிச்சதோட சரி, அப்புறம் போக்கிமான் பக்கமே தலை வச்சுப் படுக்கல. டைமண்ட், எக்ஸ் ஒய் எதுவும் தொட்டதில்ல. ஃப்ரெண்டு ஒருத்தன் சொன்னான்னு இப்ப ரேடிகல் ரெட் ஆரம்பிச்சேன், அதாவது ரசிகர்கள் ஃபயர்ரெட்டை மாத்திச் செஞ்ச மாட். பழைய லேப்டாப், அதுல எப்பவோ போட்டு வச்ச ஒரு எமுலேட்டர் (பழைய கேம் மெஷின் மாதிரி நடிக்கிற சாஃப்ட்வேர்). மேப் அதே கான்டோ, ஊர்ப் பேரும் அதேதான். ஆனா உள்ள நடக்கிறது ஒண்ணும் புரியல.

என் சார்மீலியன் ஒரு லெவலோட நின்னுடுச்சு. எத்தனை சண்டை ஜெயிச்சாலும் எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) பட்டை அசையல, லெவல் ஏத்துற ரேர் கேண்டி கொடுத்தாலும் ஏறல. குகைக்குள்ள ஒரு ஜியோட்யூட், அது மேல வாட்டர் கன் அடிச்சா நாலு மடங்கு அடி விழணும், அந்த இடத்துலயே சாயணும். சாகாம 1 எச்பியோட (உயிர்ப் புள்ளி) நிக்குது. ஒரு தடவைன்னா லக்குன்னு விடலாம், எப்பவும் இதே கதை. ஆடிஷ் மேல ஸ்லீப் பவுடர் போட்டா ஒண்ணும் ஆகல. மேக்னமைட் மேல ஷேடோ பால் பாதிதான் வேலை செய்யணும், முழுசா இறங்குது. ஹாண்டரோட ஷேடோ பால் இவ்வளவு பலமா நான் பார்த்ததே இல்ல.

ஈவீ ஒண்ணு வச்சிருக்கேன். ராத்திரி லெவல் ஏத்தினா அம்ப்ரியானா உருமாறும்னு படிச்சேன். லேப்டாப்ல ராத்திரி ஒன்பது, கேம்ல பட்டப்பகல். மாறவே இல்ல.

கடைசியா ஒண்ணு: கேம் ஆரம்பிக்கும்போதே "ஒன் எம் சப் சர்க்யூட் போர்டு இல்லை"ன்னு இங்கிலீஷ்ல ஒரு மெசேஜ் வருது. ஏ பட்டனை அமுக்கினா போயிடும். ஆனா கேமுக்குள்ள சேவ் ஆகாது. அதனால எமுலேட்டரோட சேவ் ஸ்டேட் வச்சே ஓட்டிட்டு இருக்கேன். மாட்டை ஒரிஜினல் கேம் ஃபைல்ல சேர்க்க பேட்ச் பண்ணினதுல கோளாறா? யாராவது சொல்லுங்கப்பா.

ராத்திரி_ரவுண்டு

எக்ஸ்பி நிக்கிறது பக் இல்ல ப்ரோ. லெவல் கேப். அடுத்த ஜிம் லீடரை ஜெயிக்கிற வரைக்கும் ஒரு அளவுக்கு மேல ஏற விடாது, கேண்டியும் வேலைக்கு ஆகாது. ஜெயிச்சதும் தானா திறந்துக்கும். இந்த மாட்ல ஸ்டார்ட்டரை மட்டும் ஏத்தி எல்லாரையும் மிதிச்சுட்டுப் போற வேலை நடக்காது. அதுக்காகவேதான் வச்சிருக்காங்க.

கிங்ளர்கொடுக்கு

ஓரமா_நிக்கிறவன், நீங்க எழுதினதுல மூணு வேற வேற விஷயம் கலந்து கிடக்கு. பிரிச்சுப் பார்த்தா பயப்பட ஒண்ணுதான் இருக்கு.

லெவல் கேப் இந்த மாட் செஞ்சவங்க வச்சது, அதை ராத்திரி_ரவுண்டு சொல்லிட்டார். ஜியோட்யூட், ஆடிஷ், மேக்னமைட் எல்லாம் மாட்காரங்க கைவரிசை இல்ல. அது போக்கிமான் கேம் செய்யிற கேம் ஃப்ரீக் கம்பெனி பின்னாடி வந்த கேம்கள்ல தாங்களே மாத்தினது. ரேடிகல் ரெட் 2004ல வந்த ஃபயர்ரெட் மேலதான் உட்கார்ந்திருக்கு, ஆனா சண்டை விதிகளை சிஎஃப்ஆர்யூங்கிற இன்ஜின் வழியா புதுசா மாத்திக்கிச்சு. நீங்க இடையில எதுவும் ஆடாததால எல்லாம் ஒரே நேரத்துல மூஞ்சில அடிக்குது.

ஷேடோ பால்ல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா அதுதான் பெரிய மாற்றம். பிசிக்கல் மூவ் அட்டாக் எண்ணை வச்சு அடிக்கும், ஸ்பெஷல் மூவ் ஸ்பெஷல் அட்டாக் எண்ணை வச்சு அடிக்கும். ஃபயர்ரெட்ல ஒரு மூவ் பிசிக்கலா ஸ்பெஷலாங்கிறதை அதோட டைப் முடிவு பண்ணும். ஷேடோ பால் மாதிரி கோஸ்ட் டைப்னா எல்லாமே பிசிக்கல். ஹாண்டரோட அடுத்த வடிவமான கெங்காருக்கு ஸ்பெஷல் அட்டாக் 130, அட்டாக் வெறும் 65. அதாவது தன் சொந்த டைப் மூவை அடிக்க தன்னோட பலவீனமான கையைத்தான் அது தூக்கணும். என் பேரைப் பார்த்தாலே தெரியும், எனக்கு இதுல தனி வயித்தெரிச்சல் உண்டு: கிங்ளருக்கு அட்டாக் 130, ஸ்பெஷல் அட்டாக் 50. வாட்டர் மூவ் எல்லாம் ஸ்பெஷல்னு வச்சதால க்ராப்ஹேமர், அவ்வளவு பெரிய கொடுக்கால அடிக்கிற அடி, 50ல கணக்காகும்! 2006ல டைமண்ட், பேர்ல் வந்தப்பதான் ஒவ்வொரு மூவுக்கும் தனித்தனியா பிரிச்சாங்க. ஷேடோ பால் ஸ்பெஷல் பக்கம் போச்சு, க்ராப்ஹேமர் பிசிக்கல் பக்கம் வந்துச்சு. உங்க ஹாண்டர் திடீர்னு வீரனானது அதனாலதான். சந்தேகம்னா சம்மரி திரையில ஒவ்வொரு மூவையும் திறந்து பாருங்க, எந்தப் பக்கம்னு அங்கேயே போட்டிருக்கும். பழைய ஞாபகத்துல மூவ் கொடுக்காதீங்க.

ஜியோட்யூட் விஷயம் ஸ்டர்டிங்கிற எபிலிட்டி, அதாவது அதோட பிறவிக் குணம். உங்க காலத்துல அந்த எபிலிட்டி ஒரே அடியில வீழ்த்துற ஹார்ன் டிரில், ஃபிஷர் மாதிரி மூவ்களை மட்டும்தான் தடுக்கும், சும்மா கிடந்த எபிலிட்டி. அஞ்சாம் தலைமுறை கேம்கள்ல (2010ல வந்த பிளாக், ஒயிட்) இருந்து எச்பி முழுசா இருந்தா எந்த ஒத்தை அடியிலயும் 1 எச்பியோட தப்பிக்கும். முதல்ல லேசா ஒரு தட்டு தட்டிட்டு அப்புறம் பெரிய அடி கொடுங்க. இல்லேன்னா டபுள் கிக் மாதிரி ரெண்டு தடவை அடிக்கிற மூவ்: முதல் அடி ஸ்டர்டியை வாங்கிக்கும், ரெண்டாவது அடி ஆளை வாங்கிக்கும்.

ஆடிஷ் மாதிரி புல் டைப் மேல பவுடர் மூவ் செல்லாது. எலக்ட்ரிக் டைப்புக்கு பேராலிசிஸ் வராது. மேக்னமைட் மாதிரி ஸ்டீல் டைப்புக்கு கோஸ்ட்டும் டார்க்கும் பாதியா விழுந்த காலம் போச்சு. மூணும் 2013ல எக்ஸ் ஒய் வந்தப்ப மாறினது. ஃபேரின்னு புது டைப்பும் அப்பதான் வந்துச்சு, டிராகன் மூவ் அதுகிட்ட சுத்தமா செல்லாது. கிளஃபேரியை நார்மல்னு நினைச்சு டிராகன் மூவ் விட்டுடாதீங்க.

சேவ் பிரச்சனை மட்டும் நிஜமாவே கோளாறு. அதுக்கு செம்பருத்தி அக்கா வருவாங்க, அவங்க ஏரியா அது.

பழைய_பால்

எல்லாம் சரி, லெவல் கேப்பை மட்டும் என்னால ஒத்துக்க முடியல. குகைக்குள்ள மணிக்கணக்கா சுத்தி ஆளை ஏத்துறதுதான் எனக்குப் பிடிச்ச ஆட்டமே. அதைப் பிடுங்கிட்டு அப்புறம் எதுக்கு ரெட்?

ராத்திரி_ரவுண்டு

அண்ணே, கேப் இல்லேன்னா இவ்வளவு வேலை செஞ்ச லீடர் டீம் எல்லாம் வீண். எதிராளி ஏஐ நல்லா மாத்தி மாத்தி ஆளை இறக்குது, நம்ம பலவீனம் பார்த்து அடிக்குது. பத்து லெவல் அதிகமா போய் நின்னா அதுல ஒண்ணையும் பார்க்க மாட்டீங்க. இப்படி சுத்திச் சுத்தி அரைக்கிற வேலை பிடிக்காதவங்களுக்கு மினிமல் கிரைண்டிங்னு ஒரு மோட் இருக்கு, அதுல இவி (சண்டை போடப் போட சேர்ற பலப் புள்ளி) கணக்கே கிடையாது. அரைக்கிறதே பிடிக்கும்கிறவங்களுக்கு ஒரிஜினல் எங்கேயும் ஓடிப் போகலையே.

பழைய_பால்

ஒரிஜினல்தான் ஓட்டிட்டு இருக்கேன் தம்பி. எட்டிப் பார்க்கத்தான் வந்தேன்.

செம்பருத்தி

கூப்பிட்டாச்சு, வந்துட்டேன். தம்பி, பேட்ச்ல கோளாறு இருக்க வாய்ப்பு கம்மி. தப்பான ஃபைல் மேல பேட்ச் போட்டிருந்தா பெரும்பாலும் வெள்ளைத் திரையோட நின்னிருக்கும், இல்லேன்னா எங்கேயாவது கதவைத் திறக்கும்போது தொங்கியிருக்கும். இருந்தாலும் ஒண்ணு கேட்டுக்கோங்க: இந்த மாட் அமெரிக்க ஃபயர்ரெட்டோட 1.0 பதிப்பு மேல போடணும். 1.1 மேல போடக் கூடாது, உள்ள முகவரிகள் இடம் மாறிக் கிடக்கும். யூபிஎஸ், பிபிஎஸ் பேட்ச்னா ஃபைலைச் சரிபார்த்து "இது அது இல்ல"ன்னு கத்தும். ஐபிஎஸ் பேட்ச்க்கு அந்தப் புத்தி கிடையாது, எது மேல போட்டாலும் ஒட்டிடும்.

உங்க பிரச்சனை சேவ் டைப். ஃபயர்ரெட் கார்ட்ரிட்ஜ்ல 1 மெகாபிட், அதாவது 128 கேபி ஃபிளாஷ் மெமரி இருந்துச்சு. அந்த மெசேஜ் சொல்ற "ஒன் எம்" அதுதான். கேம் எழும்பும்போதே அந்தச் சிப் இருக்கான்னு தேடும். எமுலேட்டர் 64 கேபின்னு தப்பா காட்டினா கேம் நம்பாது, மெசேஜ் போட்டுட்டு "சேவ் வசதி இல்லை"ன்னு மனசுல குறிச்சு வச்சுக்கும். செட்டிங்ஸ்ல சேவ் டைப்பை ஃபிளாஷ் 128கேன்னு மாத்தினா மெசேஜ் போயிடும்.

இப்ப கசப்பான செய்தி. நீங்க ஸ்டேட்லயே ஓட்டினேன்னு சொன்னீங்க. அந்தக் குறிப்பு இருக்கிறது கேமோட மெமரியில. சேவ் ஸ்டேட்ங்கிறது மெமரியை அப்படியே நகல் எடுக்கிறது. அதனால செட்டிங்ஸை சரி பண்ணிட்டு உங்க பழைய ஸ்டேட்டை லோட் பண்ணினா "சேவ் வசதி இல்லை"ங்கிற குறிப்பும் கூடவே திரும்பி வரும், கேம் மறுபடியும் சேவ் பண்ணாது. ஸ்டேட்டை வேற எமுலேட்டருக்கும் தூக்கிட்டுப் போக முடியாது, ஒவ்வொண்ணுக்கும் ஃபார்மட் வேற. மெமரியில அந்த ஒரு இடத்தைத் தேடி மாத்தி சேவ் பண்ணலாம்தான், ஆனா அதுல இறங்கிற நேரத்துல முதல்ல இருந்து ஆடிடலாம். வேகமா ஓட்டுற பட்டனும் இருக்கு, கேப்பும் இருக்கு. நீங்க இருந்த இடத்துக்கு சீக்கிரமே வந்துடுவீங்க.

புதுசா ஆரம்பிக்கிறதா இருந்தா எம்ஜிபிஏங்கிற எமுலேட்டரைப் போடுங்க. போட்டதும் கேமைத் திறந்துடாதீங்க. முதல்ல டூல்ஸ் மெனுவில கேம் ஓவர்ரைட்ஸ் போங்க. அங்க ஆட்டோ டிடெக்ட் டிக்கை எடுத்துட்டு ரியல்டைம் கிளாக்ல டிக் போடுங்க, சேவ் டைப்பும் அதே ஜன்னல்லதான் இருக்கு. சேவ் கொடுத்துட்டு அப்புறம் கேமைத் திறங்க. கேம் ஓடிட்டு இருக்கும்போது போனா அந்தக் கட்டங்கள் மங்கலா கிடக்கும், மாத்த விடாது. நிறைய பேர் அங்கதான் மாட்டிக்கிறாங்க.

உங்க ஈவீக்கும் மருந்து அந்த ஒரே டிக்தான். ரூபி, சஃபையர், எமரால்ட் கார்ட்ரிட்ஜ்ல கடிகாரம் இருந்துச்சு. ஃபயர்ரெட்ல கிடையாது. அதனாலதான் ஒரிஜினல் ஃபயர்ரெட்ல ஈவீயை எவ்வளவு கொஞ்சினாலும் எஸ்பியானும் ஆகாது, அம்ப்ரியானும் ஆகாது. மாட்ல பகல் இரவு சேர்த்திருக்காங்க, ஆனா எமுலேட்டர் உள்ள இருக்கிற கேம் குறியீட்டைப் பார்த்து "இது ஃபயர்ரெட், இதுக்கு ஏது கடிகாரம்"னு விட்டுடுது.

ஓரமா_நிக்கிறவன்

அக்கா... ஸ்டேட் போச்சுங்கிறதைப் படிச்சதும் லேப்டாப்பை மூடிட்டு டீ குடிக்கப் போயிட்டேன். பரவால்ல. சார்மேண்டரை விட்டுட்டு இந்தத் தடவை பல்பசார் எடுக்கிறேன். கிங்ளர் அண்ணா, அந்த பிசிக்கல் ஸ்பெஷல் விளக்கத்துக்கு பெரிய நன்றி. ஃபயர்ரெட்ல என் கயாரடோஸ் ஏன் சர்ஃப் வச்சு சுமாரா அடிச்சுச்சுன்னு இப்பதான் புரியுது.

கிங்ளர்கொடுக்கு

ஆமா, அட்டாக் 125, ஸ்பெஷல் அட்டாக் 60. அதுக்கும் என் ஆளோட அதே சாபம். இதுல வாட்டர்ஃபால் கத்துக் கொடுங்க, பிசிக்கல் அடி.

பல்பசார் எடுக்கிறீங்கன்னா ஒரு விஷயம். டிஎம் (மூவ் கத்துக் கொடுக்கிற பொருள்) ஒரு தடவை போட்டா தீர்ந்துடும்னு பதுக்கி வைக்காதீங்க, இதுல தீராது. ஒவ்வொரு லீடருக்கும் முன்னாடி மூவை மாத்தி மாத்திப் போட்டுப் பாருங்க. விஷம் ஏறினா நடக்க நடக்க எச்பி குறையுமேன்னு சென்டருக்கு ஓடவும் வேணாம், அதெல்லாம் அஞ்சாம் தலைமுறையிலயே எடுத்துட்டாங்க.

ஓரமா_நிக்கிறவன்

அப்டேட்: எம்ஜிபிஏல அக்கா சொன்ன மாதிரியே செஞ்சேன். மெசேஜ் வரல, கேமுக்குள்ள சேவ் ஆகுது, மூடித் திறந்தாலும் இருக்கு. சாயங்காலம் ஆனா ஊரே நீலமா மங்குது, ரூட்ல ராத்திரி வேற போக்கிமான் வருது! ஸ்டர்டி ஆளுங்களுக்கு முதல்ல வைன் விப்னு போனேன், அதுக்கே 1 எச்பியில நின்னுச்சு, ரெண்டாவது அடியில விழுந்துச்சு. இன்னும் ரெண்டே சந்தேகம். ஈவீ திரும்பக் கிடைச்சா அம்ப்ரியான் ஆக வேற எதுவும் பார்க்கணுமா? மாட்ல புது வெர்ஷன் வந்தா சேவ் என்ன ஆகும்?

செம்பருத்தி

ஈவீக்கு பேபி டால் ஐஸ் தெரியுதான்னு பாருங்க. அது ஃபேரி மூவ். ஃபேரி மூவ் தெரிஞ்ச ஈவீ, நட்பும் கூடியிருந்தா, எக்ஸ் ஒய்க்கு அப்புறம் சில்வியான் பக்கம் போகும். அம்ப்ரியான்தான் வேணும்னா அது மேல ஏதாவது ஒரு டிஎம்மைப் போட்டு அழிச்சுட்டு, இருட்டினதும் லெவல் ஏத்துங்க.

புது வெர்ஷன் வந்தா, ஏற்கெனவே பேட்ச் போட்ட ஃபைல் மேல போடாதீங்க. சுத்தமான 1.0 ஃபைலை எடுத்து அது மேல புது பேட்ச். போறதுக்கு முன்னாடி ஒரு போக்கிமான் சென்டருக்குள்ள நின்னு கேமுக்குள்ளேயே சேவ் பண்ணுங்க. சேவ் ஃபைலை ஒரு காப்பி எடுத்து வச்சுட்டு, அதோட பேரை புது கேம் ஃபைல் பேருக்கே மாத்துங்க, எமுலேட்டர் பேரை வச்சுத்தான் தேடும். பழைய வெர்ஷன்ல எடுத்த ஸ்டேட்டை மட்டும் புதுசுல லோட் பண்ணிடாதீங்க. உள்ள எல்லாம் இடம் மாறியிருக்கும், பழைய மெமரி இல்லாத முகவரிக்குப் போய் நிக்கும். அந்த வெர்ஷனுக்கு பழைய சேவ் செல்லுமான்னு ரிலீஸ் குறிப்புல எழுதியிருப்பாங்க, அதைப் படிச்சுட்டு கை வைங்க.

பழைய_பால்

ராத்திரி ரூட்ல வேற ஆளு வருதா? சரி, அந்த கிளாக் டிக் எங்கேன்னு சொன்னீங்க, ஆட்டோ டிடெக்ட்டை எடுத்துட்டா?

செம்பருத்தி

ஆமாண்ணே, எடுத்துட்டு. கேமைத் திறக்கிறதுக்கு முன்னாடி.