மறு: மேக்ரோவுக்குத் தமிழ்ச் சொல் – முதலில் ‘அட்டாச்மெண்ட்’டைத் தீர்ப்போம்

அனைவருக்கும் வணக்கம்.

அவுட்லுக் அஞ்சல் மென்பொருளுக்கு வரும் கோப்புகளை மேக்ரோ வைத்துச் சேமிப்பது பற்றிய நம் வழிகாட்டிக்குத் தமிழ்ச் சொற்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். மேக்ரோவுக்கு, அதாவது பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டித் தானாக ஓடவிடும் நிரலுக்கு, பினாங்கு நண்பர் சொன்ன ‘தொகைக்கட்டளை’ எனக்குப் பிடித்திருக்கிறது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கிரேக்க மூலத்துக்கு நீளம், பெரிது என்று பொருள் இருப்பதால் ‘பெருமம்’ என்று போட்டால் கேட்பவருக்கு எதுவும் விளங்காது; கணினிக்காரர்கள் அதை எடுத்துக்கொண்டதே ஒரு கட்டளை பல கட்டளைகளாக விரிகிறது என்பதற்காகத்தான். ‘பாற்குடம்’ என்பதைப் ‘பாலை உடைய குடம்’ என்று விரிப்பதை நாம் பள்ளியிலேயே படித்துவிட்டோம், தொகையும் விரியும் இலக்கணத்தில் தயாராக இருக்கின்றன. நிரலாளர்களுக்கான பாடநூலில் இந்தச் சொல்லைத் தாராளமாகப் போடலாம்.

ஆனால் நாம் இப்போது எழுதுவது பாடநூல் இல்லை, கணக்கு அலுவலகங்களில் வேலை செய்யும் கிராணிகளுக்கான (எழுத்தர்களுக்கான) வழிகாட்டி. அதில் ‘மேக்ரோ’வை அப்படியே விட்டுவிடுங்கள் என்பேன். காரணம் பாதுகாப்பு. 1999 மார்ச்சில் மெலிஸா நச்சுநிரல் உலகம் முழுக்கப் பரவியதே அஞ்சலில் வந்த வேர்ட் கோப்புக்குள் இருந்த மேக்ரோ வழியாகத்தான். 2022-இலிருந்து, இணையத்திலிருந்து வந்த கோப்புகளில் உள்ள மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் ஆபீஸ் இயல்பாகவே தடுத்து, சிவப்புப் பட்டையில் எச்சரிக்கை காட்டுகிறது. எச்சரிக்கையில் ஆங்கிலத்திலும் மலாயிலும் மேக்ரோ என்றே இருக்கும்போது, நம் வழிகாட்டியில் மட்டும் தொகைக்கட்டளை என்று படித்துவிட்டு வருகிறவர் ‘இது வேறு ஏதோ’ என்று நினைத்து அனுமதி கொடுத்துவிட்டால் யார் பொறுப்பு?

அவசரமாகச் சொல் வேண்டியது அட்டாச்மெண்டுக்கு, அதாவது அஞ்சலோடு சேர்ந்து வரும் கோப்புக்கு. வரைவில் இருக்கும் வாக்கியம் இது: “அஞ்சல் வந்ததும் அதிலுள்ள இணைப்பை மேக்ரோ சேமித்துப் பெயர் மாற்றும்.” எந்த இணைப்பு? சப்ளையர்களில் சிலர் இன்வாய்ஸைப் பிடிஎஃப் கோப்பாக அனுப்புகிறார்கள், சிலர் தங்கள் தளத்தின் சுட்டியை மட்டும் அனுப்புகிறார்கள், அதுவும் தமிழில் இணைப்புதான். அவுட்லுக் சர்வரோடு தொடர்பு இழந்தால் அதுவும் இணைப்பு துண்டிப்பு. மலாயில் இந்தக் குழப்பமே கிடையாது: அஞ்சலோடு வருவது லம்பிரான், சுட்டி பாவுத்தான், தொடர்பு சம்புங்கான். அதனால்தான் பிரிக்பீல்ட்ஸிலும் ஜாலான் ஈப்போவிலும் நம் பிள்ளைகள் “லம்பிரான் வந்திருச்சா?” என்று கேட்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, தெளிவான சொல் எங்கே கிடைக்கிறதோ அங்கே போகிறார்கள்.

அட்டாச்மெண்டுக்கு இதுவரை குழுவில் வந்த சொற்களில் ‘பின்னிணைப்பு’ புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போய்விட்டது. ‘ஒட்டு’ என்றால் காப்பி-பேஸ்ட்டின் இரண்டாம் பாதி நினைவுக்கு வருகிறது. ‘இணைகோப்பு’ பரவாயில்லை, ஆனால் அருகருகே நிற்கும் இரண்டு கோப்புகள் என்று தோன்றுகிறது, இணைகோடு பழக்கத்தால் இருக்கலாம்.

என் முன்மொழிவு: உடன்கோப்பு. அஞ்சலுடன் வரும் கோப்பு, அவ்வளவுதான். உடன்பிறப்பு, உடன்படிக்கை எல்லாம் வாயில் புழங்குவதால் யாருக்கும் பொருள் விளக்க வேண்டியதில்லை. ‘உடன்கோப்பு வைத்து அனுப்புங்கள்’, ‘உடன்கோப்பு இல்லாத அஞ்சல்’ என்று வாக்கியத்திலும் சுலபமாக உட்காருகிறது.

இந்தச் சொல் இன்னொரு இடத்திலும் கைகொடுக்கிறது. அவுட்லுக்கைப் பொறுத்தவரை, கையொப்பத்தின் கீழே இருக்கும் நிறுவனச் சின்னமும் அட்டாச்மெண்ட்தான். எல்லாவற்றையும் சேமி என்று மேக்ரோவுக்குச் சொன்னால் கோப்புறை முழுக்க இமேஜ்001.பிஎன்ஜி குவிந்துவிடும், ஒரே பெயரில் வரும் ஒவ்வொன்றும் முந்தையதைக் கேட்காமலேயே அழித்து எழுதும். வாசிப்பவர் பார்வையில் அது அஞ்சலின் உடம்பில் இருக்கும் படம், கூட வந்த கோப்பு இல்லை. ஆகவே அதை ‘உட்படம்’ என்றும் மற்றதை ‘உடன்கோப்பு’ என்றும் பிரித்துவிட்டால், “மேக்ரோ உடன்கோப்புகளை மட்டும் சேமிக்கும், உட்படங்களை விட்டுவிடும்” என்று ஒரே வரியில் எழுதலாம். இப்போது வரைவில் இதற்கு ஒரு பத்தி போயிருக்கிறது.

பெயர் வைப்பதைப் பற்றி: கோப்புக்குப் பெயர் அமையும் வரிசையைப் ‘பெயர்முறை’ என்று சொன்னால் போதும், இதற்கு விவாதம் தேவையில்லை. ஆனால் வழிகாட்டியில் நம் ஊர்ச் சிக்கல் ஒன்று விடுபட்டிருக்கிறது. தேதி, அனுப்புநர் பெயர், பழைய கோப்புப் பெயர் என்ற பெயர்முறையை வெளிநாட்டு உதாரணத்திலிருந்து அப்படியே எடுத்துப் போட்டால் மலேசியத் தமிழர் அனுப்பும் முதல் அஞ்சலிலேயே மேக்ரோ நின்றுவிடும். ஏனென்றால் நம் பெயர்களில் இன்னாரின் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி இருக்கிறது! விண்டோஸ் கோப்புப் பெயரில் வரக்கூடாத ஒன்பது குறிகளில் சாய்கோடும் ஒன்று. அதைக் கோப்புறைப் பிரிப்பு என்று எடுத்துக்கொண்டு, இல்லாத கோப்புறையைத் தேடிப் பிழை காட்டும். நாம் தேதி எழுதும் 31/07/2025 முறையிலும் அதே கதைதான். ஆகவே சேமிப்பதற்கு முன் சாய்கோட்டை எடுத்துவிட்டு, தேதியை 2025-07-31 என்று ஆண்டு முதலில் வருமாறு மாற்றச் சொல்லும் வரி கட்டாயம் வேண்டும். அப்படி எழுதினால் கோப்புகள் தானாகவே காலவரிசையில் நிற்கும். வரிக் கணக்குப் பத்திரங்களை இங்கே மலேசியாவில் ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாக மின் இன்வாய்ஸ் வேறு வந்துவிட்டது. ‘ஸ்கேன்0001’ என்ற பெயரில் கிடப்பதை ஆறாவது ஆண்டில் யார் தேடிக் கண்டுபிடிப்பது?

அப்புறம், உடன்கோப்பு என்ற சொல்லையே கோப்புப் பெயரில் முன்னொட்டாகப் போடலாமே என்று கேட்டிருந்த நண்பருக்கு: போடலாம், ஆனால் மேக்ரோ எழுதும் மொழியான விபிஏ-வின் சாளரத்துக்கு, தமிழ் உட்பட எல்லா எழுத்துகளுக்கும் குறியெண் தரும் யூனிகோடு தெரியாது, தமிழில் தட்டினால் கேள்விக்குறிகள்தான் வரும். ‘உ’வுக்கு 2953 என்று ஒவ்வொரு எழுத்துக்கும் குறியெண் கொடுக்க வேண்டும். செய்ய முடியும், கிராணியிடம் செய்யச் சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று. விண்டோஸுக்கான புதிய அவுட்லுக்கில் விபிஏ கிடையாது; அங்கே இதே வேலையைப் பவர் ஆட்டோமேட் மாதிரி வேறு கருவியில்தான் செய்ய வேண்டியிருக்கும். அதாவது நம் வழிகாட்டியின் அடுத்த பதிப்பில் மேக்ரோ என்ற சொல்லே இல்லாமல் போகலாம், ஆனால் கோப்பைத் தூக்கிக்கொண்டு அஞ்சல் வந்துகொண்டேதான் இருக்கும்.

உடன்கோப்பு வேண்டாம் என்பவர்கள் மாற்றுச் சொல்லை மட்டும் அனுப்பாமல், அதை இந்த வாக்கியத்தில் பொருத்தி அனுப்புங்கள்: “சப்ளையர் அனுப்பிய சுட்டியைத் திறக்காதீர்கள், ______ மட்டும் திறங்கள்.” அலுவலகத்தில் ஒருவருக்கு வாசித்துக் காட்டி, அவர் எதைத் திறக்கப் போகிறார் என்று கேட்டுவிட்டு எழுதினால் இன்னும் நல்லது.

அன்புடன்,
கோலாலம்பூரிலிருந்து