பதில்: தீபாவளி 2020 விருந்து, தலைக்கு 100 வெள்ளி

சங்கத் தலைவர் அண்ணனுக்கும் எல்லாருக்கும் வணக்கம். தலைக்கு 100 வெள்ளி (ரிங்கிட்) போட்டு, ஈப்போ சமையல்காரரை வைத்து, நம் சுங்கை சிப்புட் கோயில் மண்டபத்தில் தீபாவளி விருந்து வைப்போம் என்று எழுதியிருந்தீர்கள்.

100 வெள்ளி அனுப்ப நான் தயார். ஆனால் இந்தக் கோவிட் காலத்தில் கோயில் மண்டபத்தில் பந்தி போடுவதற்கு ஒரு காசு தரமாட்டேன்.

போன வாரம் சின்னம்மா கோயிலுக்குப் போய்விட்டு வந்து போன் பண்ணினார். வாசலில் பேர் எழுத ஒரு நோட்டு, நூலில் கட்டிய ஒரே பேனா. மைசெஜாதெரா (போனில் வருகையைப் பதியும் கோவிட் செயலி) இல்லாத கிழவிகள் எல்லாரும் அதையே பிடித்து எழுதுகிறார்கள். காய்ச்சல் பார்க்கும் கருவியில் பேட்டரி தீர்ந்துவிட்டது. பையன் அதை நெற்றிக்கு நேரே சும்மா காட்டிவிட்டு "போங்க பாட்டி" என்கிறானாம்.

இந்த லட்சணத்தில் பந்தி! முகக்கவசத்தைக் கழற்றாமல் சாப்பிட முடியாது. நம் ஆட்கள் மெதுவாகப் பேசிச் சாப்பிட்டதாகச் சரித்திரமும் இல்லை. மூடிய மண்டபத்தில் நெருக்கி உட்கார்ந்து சத்தமாகப் பேசினால், ஒருவரிடம் இருப்பது வரிசைக்கே போய்விடும். கெடா மாநிலத்தில் சிவகங்கா கிளஸ்டர் (ஒரே இடத்திலிருந்து பரவிய கோவிட் தொற்று) ஒரு சாப்பாட்டுக் கடையிலிருந்து கிளம்பியது அதற்குள் மறந்துவிட்டதா?

நாளை நவம்பர் 9-ஆம் தேதியிலிருந்து நம் பேரா மாநிலத்திலும் பி.கே.பி.பி. (நிபந்தனையுடன் கூடிய நடமாட்டக் கட்டுப்பாடு). காரில் மூன்று பேர்தான், மாவட்டம் தாண்ட போலீஸ் அனுமதி வேண்டும். ஈப்போ கிந்தா மாவட்டம், சுங்கை சிப்புட் கோலகங்சார் மாவட்டம். ஈப்போ சமையல்காரர் எப்படி வருவார்? அபராதம் 1,000 வெள்ளி வரை போகும், அதையும் சங்கமே கட்டுமா?

"ஊர் மானம்" என்று எழுதியிருந்தீர்கள் அண்ணே. நம் சின்ன வயதில் தோட்டத்து லயத்தில் பந்தியா போட்டார்கள்? அம்மா முறுக்கும் அதிரசமும் தட்டில் அடுக்கி, துணி போட்டு மூடித் தருவார். சீனர் கடைக்கு ஒன்று, கம்பத்து (மலாய் கிராமத்து) மக்சிக் அம்மா வீட்டுக்கு ஒன்று. தட்டு வெறுமனே திரும்பாது, சீனியாவது போட்டு வரும். வழியில் நான் தின்ற முறுக்குக்குக் கணக்கில்லை, அது வேறு கதை.

அதையே செய்வோம். வசூலான காசில் அரிசி, எண்ணெய், உளுந்து, சீனி, பிள்ளைகளுக்கு அங்பாவ் (அன்பளிப்புப் பணம்) உறை. பையன்கள் முகக்கவசம் போட்டு, பையைக் கேட்டில் மாட்டி, ஹார்ன் அடித்துவிட்டு வந்துவிடட்டும். யாரும் உள்ளே போக வேண்டாம். இங்கே மெல்பர்னில் நூறு நாளுக்கு மேல் அடைந்து கிடந்துவிட்டு இப்போதுதான் தெருவைப் பார்க்கிறோம். அங்கே அந்த நிலை வர வேண்டாம்.

மூணாம் லயத்து அக்கா

---

அக்கா சொல்வது சரி. ஆனால் முதலில் போன வருஷ விருந்துக் கணக்கு. கெமாவுக்கு (கூடாரத்துக்கு) 1,800 வெள்ளி என்று எழுதியிருக்கிறது. பெரிய மண்டோர் (தோட்டத்துக் கங்காணி) மகனோ சும்மாதான் கொடுத்தேன் என்கிறார். ரசீதை இங்கே போடுங்கள், அன்றைக்கே 200 அனுப்புகிறேன்.

மார்ச்சில் எல்லையை மூடியதிலிருந்து மலேசியாவுக்குப் பாலம் தாண்ட வழியில்லாமல் சிங்கப்பூரில் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் வீட்டை விட்டுவிடாதீர்கள். அப்பா தனியாக இருக்கிறார், காதும் கேட்காது. ஹார்ன் பத்தாது, கேட்டைப் பலமாகத் தட்டச் சொல்லுங்கள்.

சிங்கப்பூர் தம்பி